கொடுமணல் - மணிக்கல்லும் சாயத்தண்ணியும்

போன வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கேண்டீன்ல உட்கார்ந்து அரட்டை. பேச்சு எங்கெங்கேயோ சுத்திட்டு கீழடியில வந்து நின்னுது. எங்க டீம்ல ஒரு மதுரைக்காரர் இருக்கார். கேக்கணுமா? காலரை நல்லா தூக்கி விட்டுக்கிட்டு, "உங்க ஊர்ப்பக்கம் என்னப்பா இருக்கு? பனியனும் ஜட்டியும் தானே?"ன்னு கேட்டுட்டார்.

நமக்கு ரோஷம் வந்திருச்சு. "கொடுமணல்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"ன்னேன். ஒருத்தருக்கும் தெரியல. சரின்னு அரைமணி நேரம் வகுப்பு எடுத்தேன். ரோம், பெரில் கல், உருக்கு, பதிற்றுப்பத்துன்னு எடுத்து விட, எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டாங்க. கடைசியா அந்த மதுரைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆத்தங்கரை ஊர்ங்கறே. அந்த ஆறு இப்ப எப்படி இருக்கு? ஒரு வீக்கெண்ட் எல்லாரும் போய் குளிச்சுட்டு வரலாமா?"

நான் பேச்சை மாத்திட்டு டீ வாங்கப் போயிட்டேன்.

மாத்தியிருக்கக் கூடாதுன்னு ரெண்டு நாளா உறுத்தல். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

ஊர் எங்கே இருக்கு?

ஈரோடு மாவட்டத்துல, சென்னிமலையில இருந்து தென்மேற்கே சுமார் 15 கிலோமீட்டர். நொய்யல் ஆத்தோட வடகரை. மேற்கே ஆத்தோடயே போனா திருப்பூர். தெற்கே போனா காங்கயம். பஸ்ல போனா "இறங்குங்க, ஊர் வந்தாச்சு"ன்னு கண்டக்டர் சொன்னாத்தான் ஊர்னு தெரியும். சில தெருக்கள், வேப்பமரம், ஆட்டுப்பட்டி, சோளக்காடு. அவ்வளவுதான்.

எங்க அம்மிச்சி ஊர் இங்கிருந்து கொஞ்ச தூரத்துல தான். ஆத்துல கிழக்கே இறங்கினா ஒரத்துப்பாளையம் அணை வரும், அதையும் தாண்டி. பேரெல்லாம் வேண்டாம், அதுவும் இதே மாதிரி ஒரு சின்ன ஊர் தான். லீவு விட்டா அங்க தான் கிடப்போம். கொடுமணல் பக்கம் சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போனா, காட்டுக்குள்ள வட்டமா நட்டு வெச்ச பெரிய பெரிய கல்லுங்களைப் பார்த்திருக்கேன். "அது பாண்டுக்குழி சாமி, கிட்டப் போகாத"ன்னு அம்மிச்சி சொல்லும். பேய் பயத்துல நானும் போனதில்ல. :-)

அந்தப் பாண்டுக்குழி எல்லாம் ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தின சமாதிங்கன்னு எனக்குத் தெரிஞ்சதே காலேஜ் படிக்கும்போது தான்.

பாட்டுல வந்த ஊர்

பதிற்றுப்பத்துல 'கொடுமணம்'னு ஒரு ஊர் ரெண்டு தடவை வருது. 67ஆம் பாட்டுல கபிலர் சொல்றார். அவர் பாடினது செல்வக்கடுங்கோ வாழியாதன்ங்கற சேர ராஜாவை. 74ஆம் பாட்டுல அரிசில்கிழார் சொல்றார். அவர் பாடினது தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையை. ரெண்டு இடத்துலயும் கொடுமணம் நல்ல நகைக்குப் பேர் போன ஊராத்தான் வருது. கூடவே முத்துக்குப் பந்தர்னு இன்னொரு ஊர்.

அந்தக் கொடுமணம் தான் இந்தக் கொடுமணல்னு ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க. வெறும் பேர் ஒத்துப்போச்சுன்னா நம்மூர்ல யார் வேணா என்ன வேணா சொல்லலாம். ஆனா இங்க மண்ணைத் தோண்டினப்போ பாட்டுல இருந்த சரக்கு அப்படியே கீழே கிடந்துச்சு. அதுதான் விசேஷம்.

1985ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்ட ஆரம்பிச்சுது. எ.சுப்பராயலு, கா.ராஜன், ஈரோட்டுப் புலவர் செ.இராசு எல்லாம் இந்த ஊருக்காக உழைச்சவங்க. அப்புறம் தொண்ணூறுகள்ல தமிழ்நாடு தொல்லியல் துறை, 2012லயும் 2013லயும் ராஜன் தலைமையில புதுச்சேரி பல்கலைக்கழகம், 2020ல மறுபடி தொல்லியல் துறைன்னு பல தடவை குழி போட்டுட்டாங்க. மக்கள் குடியிருந்த மேடு மட்டும் சுமார் 15 ஹெக்டேர். சுடுகாடு, அதாவது நான் சொன்ன பாண்டுக்குழிகள் இருக்கற இடம், சுமார் 40 ஹெக்டேர். கரிமக் கணக்குப்படி காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரைக்கும் போகுது.

பட்டறை ஊர்

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், இது ராஜா ஊர் இல்ல. அரண்மனையும் கோட்டையும் கிடைக்கல. கிடைச்சது பூரா பட்டறை.

தெற்கே, திருப்பூர்-காங்கயம் ரோட்டுல படியூர் இருக்கு. அங்க பெரில் கல் கிடைக்கும். பச்சையும் நீலமும் கலந்த கண்ணாடி மாதிரி ஒரு கல். பக்கத்துலயே சிவன்மலை. அந்தப் பக்கம் நீலக்கல். பளிங்குக்கல் சுத்துவட்டாரத்துல எங்கயும் கிடைக்கும். இதையெல்லாம் கொண்டாந்து கொடுமணல்ல உடைச்சு, தேய்ச்சு, பாலீஷ் போட்டு, ஓட்டை போட்டு மணியாக்கியிருக்காங்க. எப்படித் தெரியும்னா, தோண்டினப்போ ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் கல் கிடைச்சிருக்கு. உடைக்காத முண்டுக்கல், பாதி தேய்ச்ச கல், தேய்ச்சு முடிச்சு ஓட்டை போடாத கல், ஓட்டை போடும்போது விண்டு போன கல், முழுசா முடிச்ச மணி. நம்ம பாஷையில சொன்னா மொத்த பைப்லைனும் அப்படியே லாக் ஆகி இருக்கு, ஃபெயில் ஆன பில்ட் உட்பட. ஹி ஹி.

கார்னீலியன், அதாவது சூதுபவளம்னு ஒரு கல் உண்டு. அது நம்ம பக்கம் கிடையாது, குஜராத் பக்கம் இருந்து வரணும். ஒரே ஒரு சமாதியில மட்டும் 2,220 கார்னீலியன் மணிங்க கிடைச்சிருக்கு. இன்னொரு சமாதியில செம்புல செஞ்ச ஒரு புலி. ஒரு சாண் நீளம் கூட இருக்காது. அதோட உடம்புல கலர் கலரா கல்லுங்களைப் பதிச்சிருக்காங்க. போட்டோவுல பார்த்தாலே தூக்கி மடியில வெச்சுக்கலாம் போல இருக்கும்.

கல்லு மட்டும் இல்ல. இரும்பு உருக்கின உலைங்களும் இருக்கு. மூசையில வெச்சு உருக்கு செஞ்ச உலைங்களும் இருக்கு. சங்கு அறுத்து வளையல் செஞ்சிருக்காங்க. நூல் நூத்திருக்காங்க, தக்களி கிடைச்சிருக்கு. (திருப்பூர்க்காரங்க கவனிக்க!)

சரக்கு எங்கே போச்சு? கிழக்கே சேரர் தலைநகர் கரூர். மேற்கே பாலக்காட்டுக் கணவாய், அதைத் தாண்டினா முசிறித் துறைமுகம். ரெண்டுக்கும் நடுவுல, பெருவழி மேலயே கொடுமணல். மேற்கே கோயமுத்தூர்கிட்ட வெள்ளலூர்ல ரோமக் காசு குவியல் குவியலா கிடைச்சது எல்லாருக்கும் தெரிஞ்சது தான். கி.பி. முதல் நூற்றாண்டுல ரோமாபுரியில பிளினின்னு ஒருத்தர் ஒரு பெரிய கலைக்களஞ்சியம் எழுதினார். பெரில் இந்தியாவுல தான் விளையுது, வேற இடத்துல அபூர்வம்ங்கறார். அதோட விடல. இந்தியாக்காரங்க பளிங்குக்கு சாயம் ஏத்தி பெரில் மாதிரியே போலி பண்ணிடறாங்கன்னும் போட்டுக் கொடுத்திருக்கார்!

அதைப் படிச்சதும் நான் ஆபீஸ்ல சத்தமா சிரிச்சுட்டேன். சாயம் ஏத்தறதுல நம்மாளுங்களுக்கு அப்பவே பேர் இருந்திருக்கு. ஏன் சிரிச்சேன், ஏன் பாதியில நிறுத்தினேன்னு கீழே சொல்றேன்.

பானையில பேர் எழுதினவங்க

கொடுமணல்ல நூத்துக்கணக்குல பானை ஓடுங்க கிடைச்சிருக்கு, மேலே தமிழி எழுத்தோட. தமிழ்-பிராமின்னும் சொல்லுவாங்க. என்ன எழுதியிருக்குன்னு பார்த்தா பெரும்பாலும் பேருங்க தான். கண்ணன் ஆதன்னு ஒருத்தர். பண்ணன்னு ஒருத்தர். ஒரு ஓட்டுல 'நிகம'ன்னு இருக்கு. நிகமம்னா வணிகர் குழு.

இது கல்வெட்டு கிடையாது. ராஜா சொல்லி ஆசாரி வெட்டினது இல்ல. சட்டிபானையில அந்தந்த வீட்டு ஆள் கீறினது. எங்க அம்மிச்சி வீட்டுல எவர்சில்வர் போசியில எல்லாம் அப்புச்சி பேர் புள்ளி புள்ளியா வெட்டி இருக்கும். விசேஷத்துக்கு இரவல் கொடுத்தா திரும்பி வரணுமே! கண்ணன் ஆதனும் அதே கவலையில தான் எழுதியிருப்பார்னு எனக்கு ஒரு நினைப்பு. ஆதாரமெல்லாம் கேக்காதீங்க, இது என் சொந்தச் சரக்கு.

பட்டறையும் சந்தையும் நடக்கற ஊர்ல சாதாரண ஆளுக்கும் எழுத்து தேவைப்பட்டிருக்கு, பழகியிருக்காங்க. கீழடிக்கு முன்னாடியே இதை நமக்குச் சொன்ன ஊர்கள்ல இது ஒண்ணு.

கி.பி. 3ஆம் நூற்றாண்டு வாக்குல கொடுமணல்ல பட்டறைச் சத்தம் அடங்கிடுது. அந்தக் காலத்துலயே ரோமாபுரி வியாபாரமும் இளைச்சுப் போச்சு. வெளிநாட்டுச் சந்தையை நம்பி வாழ்ந்த ஊர், சந்தை போனதும் சாதாரண ஊராச்சு. ஆடு மேய்ஞ்சுது, சோளம் விளைஞ்சுது. படியூர் கல்லை மட்டும் உலகம் முழுசா மறக்கல. 1820 வாக்குல ஹீத்ங்கற ஒரு ஆங்கிலேயர் வந்து அங்க மறுபடி பெரில் தோண்டிப் பார்த்தார்.

சரி, இதுவரைக்கும் கேண்டீன்ல சொன்னது. இனிமேல் சொல்லாதது.

மூணு கிலோமீட்டர் கிழக்கே

கொடுமணல்ல இருந்து ஆத்தோட சுமார் மூணு கிலோமீட்டர் கிழக்கே போனா ஒரத்துப்பாளையம் அணை. எண்பதுகள்ல கட்ட ஆரம்பிச்சு 1992ல திறந்தாங்க. நொய்யல்ல மழைக்காலத்துல வர்ற வெள்ளத்தைப் பிடிச்சு, ஈரோடு, கரூர் பக்கம் காடுங்களுக்குப் பாய்ச்சலாம்னு திட்டம். அப்புச்சி அணை திறந்த அன்னிக்கு வேட்டி கட்டிட்டுப் போய் பார்த்துட்டு வந்தாராம்.

அதே காலத்துல மேற்கே திருப்பூர் கிடுகிடுன்னு வளர்ந்துச்சு. பனியன் ஏற்றுமதி. உலகம் பூரா நம்மூர் டீ-ஷர்ட். துணின்னா சாயம் போடணும். பருத்தியில சாயம் பிடிக்கணும்னா உப்பு வேணும். கொஞ்ச நஞ்சமில்ல, மூட்டை மூட்டையா. துணி சாயத்தை எடுத்துக்கும், உப்பை எடுத்துக்காது. அது அலசற தண்ணியோட வெளியே வந்துரும். சாயப்பட்டறை தண்ணியெல்லாம் நொய்யல்ல. நொய்யல் நேரா அணைக்குள்ள.

தொண்ணூறுகளோட கடைசியில பொது சுத்திகரிப்பு நிலையங்க வந்துச்சு. அதுல கலர் போச்சு, உப்பு போகல. கரைஞ்ச உப்பை எடுக்கணும்னா சவ்வூடு வடிகட்டணும், காய்ச்சி வத்தவைக்கணும். காசு ஜாஸ்தி. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் உப்புக்கு மேல போகக்கூடாதுன்னு விதி இருந்துச்சு. விதி இருந்துச்சு, அவ்வளவுதான்.

விளைவு என்னன்னா, தண்ணி தேக்கி வைக்கக் கட்டின அணை, சாயக்கழிவு தேக்கற தொட்டி ஆயிருச்சு. தண்ணி விடுங்கன்னு போராடற விவசாயியைப் பார்த்திருப்பீங்க. அணையில தண்ணியே தேக்காதீங்கன்னு விவசாயிங்க கேட்டது எங்க பக்கம் தான்.

எனக்கு ஞாபகம் தெரிஞ்சு அம்மிச்சி வீட்டுக் கிணத்துல சோப்பு போட்டா நுரை வராது. தண்ணி ஒரு மாதிரி செம்மஞ்சளா இருக்கும். மஞ்சள் போட்ட காடு, புகையிலை போட்ட காடு எல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்துச்சு. தென்னைமரத்துல காய் சுண்டிப் போச்சு. மாடு குடிக்கறதுக்கே லாரித் தண்ணி. அப்புச்சி கடைசி வரைக்கும் தினமும் ஒருதரம் கிணத்தை எட்டிப் பார்த்துட்டுத்தான் காபி குடிப்பார்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2006 டிசம்பர்ல உயர் நீதிமன்றத் தீர்ப்பு. பட்டறைங்க மேல்முறையீடு போய், 2009ல உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லுச்சு. அப்பவும் நிக்கலைன்னு 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைங்க எல்லாத்தையும் மூடச் சொல்லிருச்சு. எழுநூறுக்கும் மேல பட்டறைங்க.

இந்த இடத்துல நான் கைதட்டணும் இல்லையா? அப்ப நான் ஸ்கூல்ல படிச்சுட்டு இருந்தேன். எங்கப்பா அப்ப என்ன வேலை பார்த்துட்டு இருந்தார் தெரியுமா? திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறையில சூப்பர்வைசர்.

ஆமாங்க. அம்மாவோட அப்பா கிணத்துல உப்பு. அப்பா கையில சாயம். ரெண்டும் ஒரே வீட்டுல.

பட்டறை மூடின அந்த மாசங்கள்ல அப்பா காலையில எந்திரிச்சுக் குளிச்சு, சட்டை போட்டு, போக இடமில்லாம திண்ணையில உட்கார்ந்திருப்பார். அம்மா பக்கத்து வீட்டுக்கு பீஸ் மடிச்சுக் கொடுத்தா. அந்தப் பொங்கலுக்கு அப்புச்சி ஊருக்கு நாங்க போகவே இல்ல, அடுத்த பொங்கலுக்கும் போகல. யாரும் யாரையும் திட்டல. ஆனா போகல.

அப்புறம் ஒரு சொட்டுக் கழிவு கூட வெளியே விடாம சுத்திகரிக்கற ஏற்பாடோட பட்டறைங்க ஒவ்வொண்ணா திறந்துச்சு. அப்பாவுக்கு மறுபடி வேலை கிடைச்சுது. நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன். எட்டு செமஸ்டர் ஃபீஸும் அந்தச் சம்பளத்துல தான். இன்னிக்கு ஏசி ரூம்ல உட்கார்ந்து கொடுமணல் பெருமை பேசற இந்த வாய்க்குச் சோறு போட்டது சாயத்தண்ணி.

அதான் அன்னிக்கு டீ வாங்கப் போனேன்.

போன தீபாவளி லீவுல

அப்பாவைக் கூட்டிட்டு கொடுமணல் போயிருந்தேன். அப்புச்சி இல்லாம ஆறு வருஷம் ஆச்சு. பாண்டுக்குழி கல்லுங்க கிட்ட இந்தத் தடவை பயமில்லாம போனேன். 2,220 மணி கதையைச் சொன்னேன். அப்பா கேட்டுட்டே வந்தார். உலை பத்திச் சொன்னப்போ தான் நின்னார். "உலைக்காரன் வீடு ஊருக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு கண்ணு? காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியல. இத்தனை கட்டுரை படிச்சும் அந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்ல. முப்பது வருஷம் பட்டறையில நின்னவருக்குத் தோணுச்சு.

அப்புறம் ஆத்துக்கு இறங்கினோம். தண்ணி முன்ன மாதிரி கலரா இல்ல, எவ்வளவோ தேவலை. ஆனா மண்ணுக்குள்ள இறங்கின உப்பு கோர்ட் சொன்னா ஏறி வந்துருமா? அம்மிச்சி வீட்டுக் கிணறு இன்னும் கரிக்குது.

அப்பா கொஞ்ச நேரம் கரையில நின்னு பார்த்தார். "உங்க அப்புச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் சாமி"ன்னார். என்ன வார்த்தைன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. வர்ற வழியில அம்மிச்சி வீட்டுக்குப் போனோம். அம்மிச்சி அந்தப் பேர் வெட்டின போசியில தான் மோர் கொடுத்துச்சு. அப்பா அதைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருந்தார்.

கொடுமணல் ரெண்டு தடவை வெளிநாட்டுச் சந்தைக்காக உழைச்ச ஆத்தங்கரையில இருக்கு. முதல் தடவை உழைச்சவங்க விட்டுட்டுப் போனதை இன்னிக்கு மியூசியத்துல வெச்சுப் பார்க்கறோம். மேல இருக்கற அடுக்கு எங்களுது. தோண்டறவங்க எங்க அடுக்கைத் தாண்டித்தான் கண்ணன் ஆதன்கிட்ட போயாகணும். ஊர்ப் பெருமை பேசறப்போ இந்த மூணு கிலோமீட்டரையும் சேர்த்துத்தான் பேசணும்னு இப்ப எனக்குத் தோணுது. திங்கக்கிழமை அந்த மதுரைக்காரர்கிட்ட மிச்சத்தைச் சொல்லப் போறேன். குளிக்க வேண்டாம், பார்க்க வாங்கன்னு கூப்பிடவும் போறேன்.

பி.கு. 1: கொடுமணல் போறவங்க, மழைக்கு அப்புறம் காட்டுல மணி கிடைக்குதான்னு தேடாதீங்க. கண்ணுல பட்டாலும் அங்கேயே விட்டுட்டு வாங்க. கிடந்த இடத்துல இருந்தாத்தான் அதுக்குக் கதை உண்டு, நம்ம மேசை டிராயருக்கு வந்துட்டா வெறும் கல்லு.

பி.கு. 2: உங்க ஊர்லயும் இப்படி ஒரு பெருமையும், பக்கத்துலயே பேசாம விட்ட ஒரு மூணு கிலோமீட்டரும் இருக்கும். எழுதுங்க மக்களே, படிக்கக் காத்திருக்கேன்.